ஊருக்கு ஒருத்தி

அத்தியாயம் 7

பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, மஞ்சள் பஸ்ஸைத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள் லோர்னா.

ஹேவர்ஸ்டனில் செல்போன் பாதியில் அறுந்துபோகாமல் பேச முடிகிற இடம் அது ஒன்றுதான். காதலிக்கிறவர்கள், விவாகரத்து வக்கீலோடு பேசுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். அதனாலேயே மேட்டில் யார் வண்டி நிற்கிறது என்று ஊர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும். நிற்பது பள்ளிக்கூட பஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

'பார்த்துட்டுப் போகட்டும்' என்று போனைக் கையில் எடுத்தாள்.

போன வாரம் அவள் வீட்டிலிருந்த வேட்டைத் துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றி, பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கொடுத்துப் பூட்டிவைக்கச் சொன்னது வாசகர்களுக்கு நினைவிருக்கும். வேட்டைப் பருவம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. இருந்தும் அவள் கணவன் ரஸ்ஸல் ட்ராக்டர் கொட்டகைக் குளிரில் ஒரு துப்பாக்கியை மடியில் கிடத்தி, துடைக்கவும் இல்லாமல், சும்மா உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்த மறுநாளே, அவனுக்குத் தெரியாமல் அவள் செய்த வேலை அது.

எல்லாம் அக்டோபரில் ஆரம்பித்தது. தானியக் கிடங்கின் இரும்புக் குதிருக்குள் இறங்கிய கர்ட், மக்காச்சோளத்தில் புதைந்து போனான். ரஸ்ஸலும் அவனும் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர்கள். மேலே நின்ற ரஸ்ஸல் அவன் கையை எட்டிப் பிடித்தான். பிடிக்கத்தான் முடிந்தது, இழுக்க முடியவில்லை. மயங்கி விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து ரஸ்ஸல் கிடங்குப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கட்டிலிலும் படுப்பதில்லை. சாப்பாட்டு மேஜையில் மக்காச்சோளம் இருந்தால் எழுந்து போய்விடுகிறான்.

பாதிரியார் வந்து ஜெபித்துவிட்டு, மீன் பிடிக்கப் போனால் மனசு லேசாகும் என்றார். வீடியோவில் பேசும் ஆலோசகர் ஒருத்தியை லோர்னா ஏற்பாடு செய்தாள். "கண்ணாடிப் பொட்டிகிட்ட போய் எவன் அழுவான்?" என்று ரஸ்ஸல் எழுந்துவிட்டான். அவன் எழாவிட்டாலும் பயனில்லை. பண்ணை வீட்டு இணையத்தில் அந்தப் பெண்ணின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது.

உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னவள் மருத்துவமனை நர்ஸ் மட்டும்தான். "வெறும் சமூகப் பணியாளர்னு இருந்தா போதாது லோர்னா. க்ளினிக்கல் லைசென்ஸ் இருக்கான்னு பாரு. இருந்தாதான் உட்காரவெச்சுப் பேசி வைத்தியம் பண்ணலாம், இன்ஷூரன்ஸும் ஒத்துக்கும்."

இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த முதல் எண்ணை அடித்தாள். எடுத்தவன் டயர் கடைக்காரன்.

"டயருக்குத்தாம்மா நாங்க காத்து அடிப்போம், மனசுக்கு இல்ல. உங்களை மாதிரி வாராவாரம் யாராவது கூப்பிடறாங்க. நிஜமா ஒரு ஆள் கிடைச்சா எனக்கும் நம்பர் கொடுங்க. கூப்பிடறவங்களுக்கு நானாவது சொல்றேன்."

அடுத்தது குழந்தைகளை மட்டும் பார்க்கிற இடம். அதற்கடுத்ததில் ஒரு பெண் உண்மையான வருத்தத்தோடு பேசினாள். "புது ஆளுங்களை ஆகஸ்ட்லதான் எடுக்கிறோம்."

"இது மார்ச் மாசம்."

"தெரியும்மா. அவசரம்னா நெருக்கடி உதவி எண்ணுக்கு எப்ப வேணாலும் கூப்பிடுங்க. ராத்திரியும் எடுப்பாங்க."

அந்த எண் லோர்னாவின் ஃப்ரிட்ஜ் கதவில் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. அது தீப்பிடித்தால் அணைக்க. தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வாராவாரம், எதிரில் உட்கார்ந்து, ரத்தமும் சதையுமாக.

நர்ஸ் சொல்லியிருந்த நெப்ராஸ்கா மாநில லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து மாவட்டத்தின் பெயரைப் போட்டாள். திரையில் சக்கரம் சுற்றியது. ஒரே ஒரு பெயர் வந்தது.

மார்லிஸ் க்வின். ஹேவர்ஸ்டன்.

"மார்லிஸா?" காலி பஸ்ஸில் வாய்விட்டே கேட்டாள் லோர்னா. "முதியோர் இல்லத்துல பிங்கோ விளையாட்டு நடத்துற மார்லிஸா?"

*

முதியோர் இல்லத்தின் முன்வாசலில் நுழைந்த லோர்னாவை மார்லிஸ் கையைப் பிடித்து, சலவை அறை வழியாகப் பின்னாலிருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். கதவில் பெயர்ப்பலகை இல்லை. வெந்நீரும் சோப்பும் கலந்த வாசனை.

"அடுத்த தடவை இந்த வாசலாலேயே வா. எல்லாரும் இப்படித்தான் வருவாங்க. பார்க்கிறவங்க அழுக்குத் துணி எடுத்துட்டு வந்ததா நினைச்சுப்பாங்க" என்றாள். அறுபதைத் தாண்டியவள், கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி, கம்பளிச் சட்டையில் ஆட்டு ரோமம்.

"இத்தனை வருஷமா நீங்க இந்த வேலையும் பார்க்கிறீங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"தெரியலைன்னா நான் வேலையை ஒழுங்கா பார்க்கிறேன்னு அர்த்தம். உட்காரு."

லோர்னா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். துப்பாக்கி வரைக்கும் சொல்லி முடித்தாள். "நீங்க அவனைப் பார்க்கணும். இன்னைக்கே சொன்னாலும் கூட்டிட்டு வரேன்."

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "என்னால முடியாது லோர்னா."

"ஏன்? இடம் இல்லையா? நான் காத்திருக்கேன்."

"இடம் இருக்கு. ஆனா முடியாது. ஏன்னு சொல்லவும் முடியாது."

"இது என்ன பேச்சு?" லோர்னாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "மாவட்டத்துக்கே நீங்க ஒருத்தி. ஒரு மனுஷன் செத்துட்டு இருக்கான், காரணம்கூடச் சொல்ல மாட்டேன்கிறீங்க. ரஸ்ஸலைப் பார்த்தா ஆகாதா? இல்ல, அந்தக் குதிர்ல நடந்ததுக்கு நீங்களும் அவனைத்தான்..."

"லோர்னா." மார்லிஸ் குரலை உயர்த்தவில்லை. "என்னால சொல்ல முடியாது."

நான்கு சொற்கள்கூட இல்லை. ஆனால் இரண்டாவது தடவை கேட்டபோதுதான் லோர்னாவின் காதில் சரியாக விழுந்தன. சொல்ல விருப்பமில்லாதவள் பேசுகிற விதம் இல்லை அது. வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்தவள் பேசுகிற விதம்.

அவள் பார்வை மார்லிஸுக்கு எதிரே கிடந்த நாற்காலிக்குப் போனது. இந்த ஊரில் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர்கள் யார் யார்? அக்டோபரில் புருஷனைப் பறிகொடுத்தவள் ஒருத்தி இருக்கிறாள். கர்ட்டின் மனைவி ஜோலீன். கடைத்தெருவில் லோர்னாவைப் பார்த்தால் அடுத்த பக்கத்துக்கு மாறிவிடுகிற ஜோலீன்.

அவள் இங்கே வருகிறவள் என்றால், அதே நாற்காலியில் ரஸ்ஸலையும் மார்லிஸ் எப்படி உட்காரவைப்பாள்? கேட்டாலும் மார்லிஸ் ஆமென்றோ இல்லையென்றோ சொல்லப்போவதில்லை. கேட்காமலிருப்பதுதான் மரியாதை. கோபம் இருந்த இடத்தில் ஏதோ ஒன்று இளகியது. ஜோலீனையும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், நல்லது.

அந்த நாற்காலியிலேயே அவள் உட்கார்ந்தாள்.

"சரி. நீங்க இல்ல. அப்ப வேற யாரு? ஒரு பேர் சொல்லாம நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன். பிங்கோவுக்கு ஆள் குறைஞ்சா நானே ஆடறேன்."

மார்லிஸ் முதல் தடவையாகச் சிரித்தாள். "பக்கத்து மாவட்டத்துல, ப்ரூயிட்ல ஹெக்டர் லுஹான்னு ஒருத்தர் இருக்கார். என்னை மாதிரியே லைசென்ஸ் வாங்கினவர். ராணுவத்துலேருந்து வந்தவங்க, பண்ணைக்காரங்க, அப்படிப்பட்ட வாய் திறக்காத ஜென்மங்களைத்தான் அதிகமா பார்க்கிறார். வியாழக்கிழமை மட்டும் ப்ரூயிட் வருவார்."

"இன்னைக்கு வியாழன்."

"அவர்கிட்ட கூட்டம் ஜாஸ்தி, லோர்னா."

"வடக்கே பனி. ரோடு மூடியிருக்குன்னு காலைல பஸ் ரேடியோல சொன்னாங்க. அந்தப் பக்கத்துலேருந்து வர வேண்டியவங்க வர மாட்டாங்க. கூப்பிடுங்க."

மார்லிஸ் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, போனை எடுத்தாள். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. "என் பேருக்காக ஒரு தடவை" என்று மட்டும் மார்லிஸ் சொன்னது கேட்டது.

"ஒரு மணிக்கு" என்று போனை வைத்தாள். "ரஸ்ஸல் வரேன்னு சொல்லிட்டானா?"

"இன்னும் சொல்லல."

"அப்ப நான் சொல்றதைக் கவனமா கேளு. அவன்கிட்ட நேராவே கேட்டுடு. சாகணும்னு நினைக்கிறியான்னு."

லோர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?"

"ஆகாது. இல்லாத நினைப்பை அந்தக் கேள்வி உண்டாக்காது. இருக்கிற நினைப்பை இறக்கிவைக்க ஒரு இடம் கொடுக்கும். என்ன பதில் வந்தாலும் கத்தாதே, புத்தி சொல்லாதே, எழுந்து போகாதே. பக்கத்துலேயே இரு. ஆமான்னு சொன்னா அவனைத் தனியா விடாதே. வர மாட்டேன்னா உடனே எனக்குக் கூப்பிடு. அது போதும்."

*

பஸ் பணிமனை மேற்பார்வையாளர் டீன், லோர்னாவிடம் 'முடியாது' என்ற வார்த்தையை இதுவரை கேட்டதில்லை.

"மத்தியானம் என் ரூட்டுக்கு வேற ஆளைப் போடுங்க."

"உனக்கா? என்ன, ஜுரமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போன மாதமாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். "இல்ல டீன். என் புருஷனை வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். மனசுக்கு."

டீன் சாவிப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைத்தெருவில் நின்றால் எதையும் ஊர் முழுவதும் பரப்பிவிடுகிற வாய் அவருக்கு. லோர்னா தயாராக நின்றாள்.

"எங்க அண்ணனுக்கும் யாராவது அப்படிச் செஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார் டீன். அவள் சாவியை வாங்கிக்கொண்டார். "உன் ரூட்டை நானே ஓட்டறேன். அந்தக் கடைசி வீட்டு நாய் கடிக்குமா?"

"குரைக்கும், அவ்வளவுதான்."

"அப்ப கிளம்பு."

*

வீட்டு வாசலில் பெர்னியின் வண்டி நின்றது.

ரஸ்ஸலின் அக்கா பெர்னடெட்டைப் பெர்னி என்றால்தான் யாருக்கும் தெரியும். தானியக் கிடங்குக்கு அவள்தான் மேலாளர். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். விபத்துக்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாளாவது ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். இன்று பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் சுட்ட பெரிய தட்டு. லோர்னாவின் சமையலறையில் அதற்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"பஸ் இல்லையா உனக்கு?"

"ரஸ்ஸைக் கூட்டிட்டு ப்ரூயிட் போறேன். அங்க ஒரு மனநலச் சமூகப் பணியாளர் இருக்கார்."

பெர்னியின் கை நின்றது. "புள்ளைங்களைப் பெத்தவங்ககிட்டேருந்து பிடுங்கிட்டுப் போவாங்களே, அந்த ஆளுங்களா?"

"அது வேற வேலை. இவர் லைசென்ஸ் வாங்கினவர். பேசிக் குணப்படுத்தறவர்."

"பேசி! எங்கப்பாவுக்கு மிஷின்ல ரெண்டு விரல் போச்சு. மறுநாள் காலைல பால் கறந்தாரு. யார்கிட்டயும் உட்கார்ந்து பேசல."

"அதனாலதான் உங்க வீட்டுல ஒருத்தரும் வாயைத் திறக்காமலே வளர்ந்தீங்க. நீயே சொல்லியிருக்கே பெர்னி, ஒரு கிறிஸ்துமஸ் அன்னைக்கு."

"குடிச்சுட்டு ஆயிரம் சொல்லியிருப்பேன்." பெர்னி தட்டை அடுப்பு மேல் டங்கென்று வைத்தாள். "அவனுக்கு வேண்டியது வேலை. திங்கட்கிழமை கிடங்குக்கு அனுப்பு, நான் பார்த்துக்கறேன். கண்டவன்கிட்ட போய் மனசைத் திறந்தா, அவன் எல்லாத்தையும் எழுதி வெச்சுப்பான். நாளைக்குக் கோர்ட்டுல வந்து நிக்கும்."

"கோர்ட்டா? இதுல கோர்ட்டு எங்கேருந்து வந்துச்சு?"

பெர்னி கைதுடைக்கிற துணியை எடுத்து, ஈரமில்லாத கைகளைத் துடைத்தாள். "நான் வளர்த்த புள்ளை அவன். எனக்குத் தெரியாதா அவனுக்கு எது நல்லதுன்னு?"

"நீ வளர்த்தே. இப்ப அவன் உயிரோட இருக்கணும். அதுக்கு என்ன வேணுமோ அதை நான் செய்யறேன்."

லோர்னா பின்கதவைத் திறந்துகொண்டு கொட்டகைக்கு நடந்தாள்.

ரஸ்ஸல் வழக்கம்போலப் பழைய பிக்கப் வண்டியின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான். என்ஜின் ஓடவில்லை. லோர்னா மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். மார்லிஸ் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தாள்.

"ரஸ், உன்னை ஒண்ணு கேக்கணும். நேராவே கேக்கறேன். சாகணும்னு நினைக்கிறியா?"

தகரக் கூரையைக் காற்று உலுக்கியது. அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தினமும் இல்ல" என்றான்.

லோர்னா கத்தவில்லை. எழுந்து போகவில்லை. கையை மட்டும் இருக்கையின் மேல் அவன் பக்கமாக வைத்தாள்.

"இன்னைக்கு?"

"காலைல. நீ பஸ் எடுத்துட்டுப் போன பிறகு." கொஞ்சம் பொறுத்து அவனே சொன்னான். "துப்பாக்கி வெச்ச அலமாரியைத் திறந்தேன். காலியா இருந்துச்சு. கோவம் வரும்னு நினைச்சேன். வரல. அப்பாடான்னு இருந்துச்சு."

அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. குரலில் வரவிடாமல் பார்த்துக்கொண்டாள். "ப்ரூயிட்ல ஒருத்தர் இருக்கார். ஒரு மணிக்கு வரச் சொல்லியிருக்கார்."

"முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட என்னத்தைப் பேச?"

"ஒண்ணும் பேச வேணாம். மாட்டு விலை பேசு. நான் உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே மங்கிப் போச்சு ரஸ். வேற ஒருத்தர் உன்னைப் பார்க்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

"ஊர் பேசும்."

"நாம பேசாம இருந்து என்ன கண்டோம்? அப்பவும் ஊர்தானே பேசுது."

ரஸ்ஸல் கதவைத் திறந்து இறங்கினான். வீட்டுக்குள் போய்விடுவான் என்றுதான் லோர்னா நினைத்தாள். அவன் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி அவள் கதவருகே வந்து நின்றான்.

"நீ ஓட்டு."

கொட்டகையை விட்டு வண்டி வெளியே வந்தபோது, சாலைக்குப் போகும் பாதையை மறித்துத் தன் வண்டியைக் குறுக்கே போட்டிருந்தாள் பெர்னி. கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். "ரஸ், இறங்கு! சாப்பாடு ஆறுது. இவ உன்னைப் பைத்தியம்னு ஊருக்குக் காட்டத்தான் கூட்டிட்டுப் போறா!"

ரஸ்ஸல் இருக்கையில் குறுகினான். அக்கா குரலுக்கு அவன் உடம்பு பத்து வயதிலிருந்து அப்படித்தான் குறுகும்.

லோர்னா ஹாரன் அடிக்கவில்லை. வாதாடவும் இல்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, அறுவடை முடிந்து கட்டை கட்டையாக நின்ற வயலுக்குள் வண்டியை இறக்கினாள். உருகும் பனியும் சேறும் கண்ணாடிவரை தெறித்தன. பின்சக்கரம் ஒருமுறை வழுக்கிச் சுழன்றது.

"நேரா போகாதே, பள்ளம் இருக்கு" என்றான் ரஸ்ஸல். "வேலி ஓரமா போ. செகண்ட் கியர்லயே வை. விடாதே, மிதி!"

மிதித்தாள். வரப்பில் ஏறிக் குதித்து வண்டி தார்ச்சாலையில் விழுந்தது. ரஸ்ஸலின் தொப்பி கழன்று காலடியில் கிடந்தது. அக்டோபருக்குப் பிறகு அவன் அவளுக்கு ஒரு வழி சொன்னது இப்போதுதான்.

"பள்ளிக்கூட பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுவியா?" என்று கேட்டான்.

*

ப்ரூயிட் நூலகத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் வங்கியாக இருந்த கட்டடத்தில் ஹெக்டர் லுஹானின் அறை. அவரே வந்து கதவைத் திறந்தார். சேறு காயாத பூட்ஸ், அகலமான கைகள். அப்பா அம்மா இரண்டு பேரும் பீட் கிழங்கு வயல்களில் வேலை பார்த்தவர்கள் என்று மார்லிஸ் சொல்லியிருந்தாள்.

"உள்ள பேசறது உள்ளேயே இருக்கும்" என்று நின்றபடியே ரஸ்ஸலிடம் சொன்னார். "உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும்தான் நான் வாயைத் திறப்பேன். அதையும் முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். பேசப் பிடிக்கலைன்னா சும்மா உட்கார்ந்திருக்கலாம். எனக்குச் சும்மா உட்காரத் தெரியும்."

ரஸ்ஸல் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

லோர்னா வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். மேஜையில் இருந்த உரக்கம்பெனிப் புத்தகத்தைப் பிரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல், விட்டுவிட்டு. அது ரஸ்ஸலின் குரல் என்று புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தனை நீளமாக அவன் பேசி அவள் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

கதவு திறந்தது. "ரஸ்ஸல் உங்களை உள்ள வரச் சொல்றார்" என்றார் ஹெக்டர். "உங்களை வெச்சுக்கிட்டு ஒண்ணு சொல்லணுமாம்."

ரஸ்ஸலின் முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. லோர்னா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கர்ட் குதிருக்குள்ள இறங்கினப்ப, அடியில திருகு ஓடிட்டு இருந்துச்சு லோர்னா."

அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. சோளத்தை அடியிலிருந்து உறிஞ்சி இழுக்கும் அந்தத் திருகை நிறுத்திப் பூட்டாமல் உள்ளே யாரும் காலை வைக்கக் கூடாது. அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட அது தெரியும்.

"மேல சோளம் பாளமா இறுகியிருந்துச்சு, குத்திவிட இறங்கினான். நான் வாக்கிடாக்கில நிறுத்தச் சொன்னேன். திரும்பவும் சொன்னேன். லாரிங்க வரிசையா நிக்குது, ஓடட்டும், சீக்கிரம் குத்திட்டு வரச் சொல்லுன்னு பதில் வந்துச்சு." அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "சொன்னது பெர்னி."

கர்ட் யாருக்கும் சொல்லாமல் தானாக உள்ளே இறங்கிவிட்டான் என்றுதான் பெர்னி விசாரணைக்கு வந்தவர்களிடம் சொன்னாள். ஊர் அதையே நம்பியது. சவ அடக்கத்தன்று, 'என் புருஷன் இவ்வளவு புத்தி கெட்டவனாடா இருந்தான்' என்று ஜோலீன் ரஸ்ஸலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாளே! அதைக் கேட்டுக்கொண்டு இவன் நின்றானே!

"ஆஸ்பத்திரில எனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள அவ எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டா. என்னை யாரும் கேக்கல" என்றான் ரஸ்ஸல். "அவ என்னை வளர்த்தவ, லோர்னா."

அவள் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பன்றி இறைச்சித் தட்டுகள் ஒவ்வொன்றும் இப்போது அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்தன. "ஜோலீனுக்குத் தெரியணும்" என்றாள். பழி தீர்க்கும் குரலில் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அதை வெச்சு என்ன செய்யறதுன்னு இன்னைக்கே முடிவு பண்ண வேணாம்" என்றார் ஹெக்டர். "அது உங்க விஷயம் ரஸ்ஸல், உங்களுக்கு எப்ப முடியுமோ அப்ப. அடுத்த வியாழன் இதே நேரம் உங்களுக்குன்னு வெச்சிருக்கேன். அதுவரைக்கும் எப்படிப் பத்திரமா இருக்கிறதுன்னு மட்டும் இப்ப மூணு பேரும் உட்கார்ந்து பேசுவோம்."

பேசினார்கள். காலையில் பஸ் கிளம்பும் நேரத்தில் அவன் தனியாக இருக்கக் கூடாது, முதல் இருக்கையில் லோர்னாவோடு வரலாம். எண்ணம் முற்றினால் யாரை முதலில் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் யாரை. துப்பாக்கிகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று ரஸ்ஸலே சொன்னான்.

வெளியே வந்தபோது பனி மழையாக மாறியிருந்தது. சேறு அப்பிய அவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி, வைப்பர்கள் ஆட, என்ஜின் ஓட நின்றது.

உள்ளே பெர்னி. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி.

"நீ வண்டில ஏறு. நான் பேசறேன்" என்று லோர்னா முன்னால் அடியெடுத்து வைத்தாள்.

ரஸ்ஸல் அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினான்.

"வேணாம். எங்கக்கா" என்றான்.

மழையில் தொப்பியில்லாமல் நடந்து போனான். பெர்னியின் ஜன்னலருகே நின்று, விரல் கணுவால் இரண்டு முறை தட்டினான். உள்ளே இருந்தவள் அசையவில்லை. அவன் மறுபடியும் தட்டினான்.

கண்ணாடி மெல்ல இறங்கத் தொடங்கியது.